உஷார்! ஸ்டென்ட் வைத்தவர் கையில் வலி மாத்திரையா?

வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா? பி.பி. மாத்திரையும் ஓடுகிறதா? கைவேலையை அப்படியே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

ஓசூர் சிப்காட் தொழிலாளி ஒருவர். நெஞ்சுவலி வந்து பெங்களூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், பி.பி.க்கு டெல்மிசார்டன். எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டார். ஷிப்டில் நின்று நின்று இடுப்பு வலி வந்தது. மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கினார். வலி அடங்கியது. தினமும் போட்டார். மலம் கறுப்பாகப் போனது. "கீரை சாப்பிட்டேன், அதான்" என்று விட்டுவிட்டார். ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தக்கசிவு! சிறுநீரகமும் அடி வாங்கியிருந்தது.

ஏன் இப்படி? ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ரத்தம் கட்டியாகாமல் தடுப்பவை. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். அங்கே கசிந்தால் லேசில் நிற்காது. அதே வலி மாத்திரை பி.பி.யையும் ஏற்றும். டெல்மிசார்டன், எனாலாப்ரில் போன்றவற்றோடும் நீர் மாத்திரையோடும் வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் திணறும்.

கேஸுக்கு ஒமிப்ரசோலா? அதிலும் கவனம்! அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009-லேயே எச்சரித்தது.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல். 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதே நம் சாமனப்பள்ளியில்தான். பி.பி. மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்லது. ஆனால் பெங்களூர் சீட்டில் இருக்கும் அம்லோடிபினே வேறு பெயரில் இதிலும் இருக்கலாம். இரண்டையும் போட்டால் இரட்டை டோஸ்! பி.பி. சரிந்து தலை சுற்றும், கால் வீங்கும்.

இவை தெரிந்தால் தாமதிக்காதீர்கள்:

• கறுத்த, பிசுபிசுப்பான மலம்; ரத்த வாந்தி
• நிற்காத மூக்கு ரத்தம், காரணமில்லாத நீலத் திட்டு
• எழுந்ததும் கண் இருட்டுதல்
• சிறுநீர் குறைதல், முகம் வீங்குதல்
• திடீர்க் கடும் தலைவலி, வாய் கோணல், கை கால் மரத்தல்

மயக்கம், ரத்த வாந்தி, வாய் கோணல் என்றால் உடனே 108!

பயந்துபோய் குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

இன்றைக்கே எல்லா மாத்திரை அட்டைகளையும், பெங்களூர் சீட்டையும், இங்கே வாங்கியதையும் ஒரே பையில் போடுங்கள். ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். அவரைக் கேட்காமல் ஒரு வலி மாத்திரைகூட வேண்டாம்!