குவான்ட் வேலைக்கு பி.காம். படிச்சா போதுமா?

பேராவூரணியில் ஒரு தென்னை விவசாயி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து காய் விலை விழுந்துடுமோ என்ற பயம் அவருக்கு. "எவ்வளவு விழுந்தாலும் காய் 15 ரூபாய்க்கு நான் எடுத்துக்கிறேன். அதுக்கு இப்பவே காய்க்கு 2 ரூபாய் கொடுங்க" என்கிறார் வியாபாரி. அந்த 2 ரூபாய் நியாயமா? அதிகமா?

சந்தையில் இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு 'புட் ஆப்ஷன்' என்று பெயர். அந்த 2 ரூபாயைக் கணக்குப் போடுவதுதான் 'குவான்ட்' வேலைகளில் முக்கியமான ஒன்று. 1973-ல் இதற்குப் புகழ்பெற்ற சூத்திரம் தந்த இருவரில் ஒருவர் ஃபிஷர் பிளாக். அவர் படித்தது இயற்பியலும் பயன்பாட்டுக் கணிதமும்!

'ஃபைனான்ஸ்' என்ற பெயரைப் பார்த்து பி.காம். சேர்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தேவைப்படுவது நிகழ்தகவு, புள்ளியியல், கால்குலஸ், லீனியர் அல்ஜிப்ரா. கூடவே பைத்தான் அல்லது சி பிளஸ் பிளஸ். இன்டர்வியூவிலும் பகடை, நாணயம் சுண்டுவது மாதிரியான புதிர்களைக் கேட்பார்கள். டெபிட், கிரெடிட் பெரிதாக வராது.

அதனால் உண்மையான முடிவு 11-ம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. கணக்கு இல்லாத குரூப் எடுத்துட்டா, பிறகு இந்தப் பக்கம் திரும்புவது ரொம்பக் கஷ்டம்.

பிளஸ் டூ முடித்ததும் சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டில் (சி.எம்.ஐ.) கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பி.எஸ்சி. படிக்கலாம், நுழைவுத் தேர்வு உண்டு. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.ஸ்டாட். இன்னொரு நல்ல வழி. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவர்கள், கோடிங்கைத் தனியாகக் கற்றுக்கொண்டு, சி.எம்.ஐ.யின் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸுக்கு முயற்சி செய்யலாம். அதற்கும் நுழைவுத் தேர்வு இருக்கு.