தமிழியல் ஆய்வில் மேற்கோள் சீர்மை: பெயர், ஆண்டு, எண்

ஆய்வுக் கட்டுரையொன்றின் நம்பகம் அதன் முடிவுகளை மட்டும் பொறுத்ததன்று. அம்முடிவுகளுக்கு ஆதாரமான நூலைப் பிறர் தேடியெடுத்துச் சரிபார்க்க இயலுவதையும் பொறுத்தது. அயலகப் பல்கலைக்கழகங்களில் தமிழ் ஆய்வோர் பெரும்பாலும் மேலைநாட்டு மேற்கோள் முறைகளையே பின்பற்றுகின்றனர். அவற்றைத் தமிழ் நூல்களுக்குப் பொருத்துங்கால் எழும் மூன்று இடர்ப்பாடுகளையும் அவற்றைக் களையும் வழிகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

முதலாவது, பெயர். மேலை முறைகள் குடும்பப் பெயரை முன்னிறுத்தி அகரநிரல் செய்கின்றன. தமிழ்ப் பெயரிலோ ஊரையும் தந்தையையும் சுட்டும் தலைப்பெழுத்துகளும் இயற்பெயருமே பெரும்பான்மை. எனவே ‘சாமிநாதையர், உ. வே.’ என இயற்பெயரின்கீழ் நிரல்படுத்துதலே பொருந்தும். உரோமன் எழுத்தில் அவர் பெயர் பலவாறு எழுதப்படுகின்றது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் வரைவில் அவர் இரு வேறு அறிஞர்களாக நின்றார். நெறியாளர் சுட்டும் வரை யான் அதனை உணரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஒலிபெயர்ப்பு முறையை முழுமையும் கையாண்டிருப்பின் அப்பிழை நேர்ந்திராது.

இரண்டாவது, ஆண்டு. திருவள்ளுவர் ஆண்டு 2031 என அச்சிடப்பட்ட நூல் கி.பி. 2000-ஐச் சார்ந்தது. 31 ஆண்டு வேறுபாட்டை அறியாதார்க்கு அது இன்னும் வெளிவராத நூலாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்துக் குறிப்பதே தெளிவு. அவ்வாறே, புறநானூற்றின் மறுபதிப்பைப் பயன்படுத்துவோர் 1894ஆம் ஆண்டின் முதற்பதிப்பையும் தாம் கண்ட பதிப்பையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, எண். பக்க எண் பதிப்புதோறும் மாறும். ஆதலின் சங்கப் பாடல்களுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும் தருதல் நன்று. ஆயினும் எண்ணும் எப்போதும் நிலைத்ததன்று. தொல்காப்பிய உரையாசிரியர்கள் நூற்பாக்களைப் பிரித்த முறை வேறுபடுதலின், ஒரே நூற்பா உரைதோறும் வேறு எண் பெறலாம். திருக்குறளிலும் பரிமேலழகர் கொண்ட வரிசையும் மணக்குடவர் கொண்ட வரிசையும் முற்றும் ஒன்றல்ல. எண்ணுடன் உரையாசிரியர் பெயரும் பதிப்பும் இடம்பெறுதல் இன்றியமையாதது.

இம்மூன்றிலும் தாம் மேற்கொண்ட முறையை ஆய்வாளர் முன்னுரையிலேயே அறிவித்து, இறுதிவரை வழுவாது பேணுதல் வேண்டும். தமிழ் நூலகம் அருகில் இல்லா நாட்டிலிருந்து, நூற்பட்டியை மட்டும் நம்பி நூலொன்றை வரவழைக்கும் இளம் ஆய்வாளருக்கு நாம் தரும் குறிப்பே வழித்துணை. அது பிழைபடின் அவர் நூலைக் காணார். நம் கூற்றையும் ஐயுறுவார்.