துரு பிடிக்காத ஸ்க்ரூ அலுமினியத்தைத் தின்ற கதை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாமாவுக்கு ஒரு சின்னச் சாயப்பட்டறை இருக்கு. சாயம் தோய்ச்ச பட்டுச் சிட்டங்களை உலர்த்த அலுமினியக் குழாயில் ஸ்டாண்ட் செஞ்சு கொடுத்தது நான்தான். "இரும்பு ஸ்க்ரூ வேணாம்டா, துரு சொட்டினா நூல் கறையாயிடும்"னு மாமா சொன்னார். சரிதானேன்னு பித்தளை ஸ்க்ரூ போட்டேன். ரெண்டு மழைக்காலம் தாங்கிச்சு. அப்புறம் ஒருநாள் ஈரச் சிட்டங்களோட குழாய் கீழே வந்துடுச்சு. ஒரு முகூர்த்தப் புடவைக்கான பாவு நூல் மொத்தமும் தரையில்.

கழட்டிப் பார்த்தா, ஸ்க்ரூவுக்கு ஒண்ணுமே ஆகல. ஓட்டையைச் சுத்தி மட்டும் அலுமினியம் வெள்ளை மாவா உதிருது. ஒரு அடி தள்ளி குழாய் புதுசு மாதிரி இருக்கு. தப்பு சாயத் தண்ணியோடது மட்டும்னா குழாய் முழுக்க அரிச்சிருக்கணும். ஆக, பிரச்சனை அந்த ஜோடியில்.

ரெண்டு வேறு உலோகம், அவை நேரா தொட்டுக்கணும், மேலே உப்போ அமிலமோ கலந்த ஈரம் இருக்கணும். மூணும் சேர்ந்தா அது ஒரு பேட்டரி. அதில் எலக்ட்ரானை எளிதா விடுற உலோகம் கரையும். துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு என்பது ஏறக்குறைய அந்த வரிசை. பித்தளை செம்புப் பக்கம். அதனால அலுமினியம் தன்னைக் கொடுத்து பித்தளையைக் காப்பாத்திடுச்சு.

இது பழைய பாடம். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடிச்சது. 1763-ல் பார்த்தப்போ இரும்பு ஆணிகள் பல அரிச்சுப் போயிருந்தன. தகடு சுத்தி வந்த காகிதம் தற்செயலா நடுவில் மாட்டியிருந்த இடங்களில் ஆணி பிழைச்சிருந்தது. காகிதம் செஞ்ச வேலையைத்தான் இன்னிக்கு நைலான் வாஷர் செய்யுது.

அப்போ என்ன ஸ்க்ரூ போடலாம்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதுவும் வரிசையில் அலுமினியத்துக்கு எதிர்ப்பக்கம்தான். ஆனா அதன் மேல இருக்கிற ஆக்சைடு படலம் செம்பு அளவுக்கு அந்த மின்வேதி வினையை ஓட விடாது. பரப்பளவும் முக்கியம்: பெரிய அலுமினியத்தில் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூன்னா அரிப்பு பரவலாகி மெதுவாகும். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடிச்சா, ரிவெட் சீக்கிரம் காலி. உள்நாட்டுக்கு 304 போதும், கடலோரத்துக்கு 316. ஜி.ஐ. ஸ்க்ரூவும் ஓகே, துத்தநாகப் பூச்சு இருக்கிற வரை.

பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா அலுமினியத்துக்கு மட்டும் அடிக்காதீங்க. சின்னக் கீறல் விழுந்தாலும் மொத்த அரிப்பும் அந்த இடத்திலேயே குவியும். ஸ்க்ரூ தலைக்கும் சேர்த்து அடிங்க. செம்புக் குழாயில் இருந்து சொட்டுற தண்ணியும் அலுமினியத்து மேல விழக் கூடாது. கரைஞ்சு வர்ற செம்பு அங்கே படிஞ்சு அதே வேலையைக் காட்டும்.

இப்போ மாமா ஸ்டாண்டில் 304 ஸ்க்ரூ, நைலான் வாஷர், ஓட்டைக்குள்ள நைலான் புஷ். புஷ் ஏன்னா, வாஷர் தலையைத்தான் பிரிக்கும். ஸ்க்ரூ உடம்பு ஓட்டையின் ஓரத்தைத் தொட்டா மறுபடி பேட்டரிதான்.

"இது எத்தனை வருஷம்டா தாங்கும்?"னு மாமா கேட்டார். வருஷக் கணக்கு சொல்லல. "ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு ஸ்க்ரூவைக் கழட்டிப் பாருங்க மாமா, வெள்ளை மாவு தெரிஞ்சா கூப்பிடுங்க"ன்னேன்.