லேபிளை மறைத்தார்கள், உண்மை வெளிவந்தது!

உள்ளூர் மாடு விலை போகாது என்பது பழமொழி. மாட்டுக்கு மட்டும் அல்ல, மதுவுக்கும் அது பொருந்தும் என்று ஒரு காலத்தில் அமெரிக்கர்கள் காட்டினார்கள்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது கலிபோர்னியா மாநிலம். நல்ல வெயில், நல்ல மண். அங்கே நாபா என்று ஒரு பள்ளத்தாக்கு. 19-ம் நூற்றாண்டிலேயே அங்கே திராட்சை பயிரிட்டு, ஒயின் என்னும் திராட்சை மதுவைத் தயாரித்தார்கள்.

ஆனால் பெரிய விருந்து என்றால், பணக்காரர்கள் கேட்டது பிரான்சு நாட்டு ஒயினைத்தான். விலை அதிகமா? இருக்கட்டும். கடல் கடந்து வந்த சரக்கு அல்லவா!

கெட்ட பெயர்

இந்த மோகத்துக்கு ஒரு காரணம் உண்டு.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தது. மாதாகோவில் பூசைக்கு வேண்டிய ஒயின் போன்ற சிலவற்றுக்கே அனுமதி. பல ஆலைகள் மூடப்பட்டன. தொழில் தெரிந்தவர்கள் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள்.

மதுவிலக்கு நீங்கிய பிறகும், நெடுங்காலம் மலிவான, இனிப்பான சரக்கே அதிகம் வந்தது. "கலிபோர்னியா ஒயினா? மட்டமாயிற்றே!" என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பேராசிரியர் விவசாயி ஆனார்

அந்தப் பெயரை மாற்றச் சிலர் முன்வந்தார்கள்.

வாரன் வினியார்ஸ்கி சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1964-ல் அந்த வேலையை விட்டு, மனைவி மக்களோடு நாபாவுக்கு வந்தார். ஆலையில் சாதாரண வேலையில் சேர்ந்து தொழில் கற்றார். 1970-ல் ஒரு பிளம் தோட்டத்தை வாங்கினார். மரங்களை அகற்றித் திராட்சைக் கொடி நட்டார்.

மைக் கிர்கிச், ஐரோப்பாவில் குரோஷியாவில் பிறந்தவர். பிழைப்புத் தேடி, 1958-ல் நாபா வந்து சேர்ந்தார். "ஷாட்டோ மான்டலீனா" என்ற ஆலையில் ஒயின் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றார்.

திராட்சைக் கொடி நட்டால், நல்ல பழம் பறிக்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். பிறகு ஒயின் பதமாக வேண்டும். அதற்குப் பிறகும் உள்ளூரில் வாங்க ஆள் இல்லை என்றால், போட்ட பணம் என்ன ஆவது?

பாரிசில் பரீட்சை

பாரிஸ் நகரில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒயின் கடை வைத்திருந்தார். 1976-ம் ஆண்டு அமெரிக்க சுதந்திரத்தின் 200-வது ஆண்டு. அதையொட்டிக் கலிபோர்னியா ஒயினைப் பிரஞ்சு நிபுணர்களுக்கு அறிமுகம் செய்ய அவர் விரும்பினார். அவருடன் வேலை பார்த்த பாட்ரிசியா காலகர் என்ற அமெரிக்கப் பெண்மணியும் துணை நின்றார்.

1976 மே 24. பாரிசில் ஒரு பெரிய ஓட்டலில் 9 நடுவர்கள் கூடினார்கள். ஒன்பது பேரும் பிரஞ்சுக்காரர்கள். ஒயினில் கரை கண்டவர்கள்.

வெள்ளை ஒயின் 10. சிவப்பு ஒயின் 10. ஒவ்வொரு பத்திலும் கலிபோர்னியா 6, பிரான்சு 4. எது எந்த நாடு என்று நடுவர்களுக்குத் தெரியாது. லேபிளை மறைத்துவிட்டார்கள். ருசி பார்த்து 20-க்கு எத்தனை மதிப்பெண் என்று எழுத வேண்டும்.

பிரான்சுதான் வெல்லும் என்று ஸ்பரியரே நினைத்தார். முடிவு தெரிந்த போட்டிக்கு யார் வருவார்கள்? வந்த நிருபர் ஒரே ஒருவர்! "டைம்" பத்திரிகையின் ஜார்ஜ் டேபர்.

குழம்பிய நாக்கு

எந்தக் கோப்பையில் எது என்ற பட்டியல் டேபரிடம் இருந்தது.

ஒரு நடுவர் ருசி பார்த்தார். 'ஆகா, மறுபடியும் பிரான்சுக்கு வந்துவிட்டோம்' என்று மகிழ்ந்தார். டேபர் பட்டியலைப் பார்த்தார். அது நாபா ஒயின்!

இன்னொருவர், 'இது நிச்சயம் கலிபோர்னியா. வாசனையே இல்லை' என்றார். அவர் கையில் இருந்ததோ, பிரான்சின் புகழ்பெற்ற ஒயின்களில் ஒன்று!

மதிப்பெண்களைக் கூட்டினார்கள். வெள்ளை ஒயினில் முதல் பரிசு, கிர்கிச் தயாரித்த 1973-ம் ஆண்டு ஒயினுக்கு. சிவப்பு ஒயினில் முதல் பரிசு, வினியார்ஸ்கியின் "ஸ்டாக்ஸ் லீப்" ஆலைக்கு. மூன்றே வயதான கொடியின் பழத்தில் செய்த ஒயின் அது! உலகப் புகழ் பெற்ற "மூட்டான் ரோத்ஸ்சைல்டு" இரண்டாம் இடத்துக்குப் போயிற்று.

ஒரு நடுவர் தம்முடைய மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை.

முப்பது ஆண்டுக்குப் பின்

டேபர் எழுதிய செய்தி ஜூன் மாதம் வெளிவந்தது. அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத சொந்த நாட்டு ஒயினை, அமெரிக்கர்கள் கடைகளில் தேடத் தொடங்கினார்கள்.

'பிரஞ்சு ஒயின் வயதானால்தான் ருசிக்கும். இப்போது அது இளசு' என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். சரி, வயதாகட்டும் என்று காத்திருந்தார்கள். 2006-ல், அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் ருசி பார்த்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே!

பரிசு பெற்ற அந்த இரண்டு ஒயின்களின் பாட்டில்களும், இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரஞ்சு ஒயின் மட்டம் என்பது இதன் பொருள் அல்ல. அன்று இரண்டாம் இடம் பெற்றவை இரண்டும் பிரஞ்சு ஒயின்களே. உள்ளூர்ச் சரக்கெல்லாம் உயர்ந்தது என்றும் பொருள் அல்ல.

ஆனால் ஒன்று நிச்சயம். அமெரிக்கர்கள் தங்கள் மண்ணின் சரக்கை ஒதுக்கியது நாக்கு சொன்னதால் அல்ல, லேபிள் சொன்னதால். தன் ஊர் விவசாயியின் விளைச்சல் நல்லது என்று தெரிந்துகொள்ள, அவர்களுக்குப் பிரஞ்சுக்காரர்களின் தீர்ப்பு தேவைப்பட்டது!

ஒயினைத் தொடாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. துணியோ, சோப்போ, பழமோ, எதை வாங்கினாலும் ஊர்ப் பெயரை ஒரு நிமிடம் மறந்துவிட்டுப் பொருளைப் பாருங்கள். நன்றாக இருந்தால், பக்கத்து ஊர்க்காரன் செய்தான் என்பதற்காக அதை ஒதுக்காதீர்கள்.