சீருடையில் ஒரு பொறியியல் பட்டம்: அதன் விலை என்ன?

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவில் சேர்வது என்ற கேள்வி இவ்வாண்டு எங்கள் வகுப்பில் எல்லோரையும் வாட்டி வருகிறது. எங்களில் ஒருத்திக்குப் பொறியியல் படிக்க ஆசை. அவள் தந்தையோ, “தம்பிக்கென்றால் கடன் வாங்கலாம், உனக்கும் வாங்கிவிட்டுக் கல்யாணத்துக்கு எதை விற்பது?” என்று கேட்டுவிட்டாராம். அவள் அழுதுகொண்டே சொன்னபோதுதான், கடனில்லாமல் பொறியியல் படிக்க வழியுண்டா என்று நாங்கள் நால்வர் தேடத் தொடங்கினோம்.

புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி உள்ளது. நெடுங்காலம் அது ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால் பெண்களும் நுழைவுத் தேர்வு எழுதினர்; 2022-இல் சேர்ந்த முதல் அணியிலிருந்து 17 பெண்கள் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியேறினர். அங்கே மூன்றாண்டுப் படிப்பு. கடற்படை, விமானப்படைப் பிரிவினர் பி.டெக். படிப்பின் எஞ்சிய ஓராண்டைத் தத்தம் படைக்குரிய கழகத்தில் முடிக்கின்றனர். விமானப்படைக்கு ஹைதராபாத், கடற்படைக்குக் கேரளத்தின் எழிமலை. (சங்கப் பாடல்களில் வரும் நன்னனின் ஏழில்மலை இதுவே என்பர்!) பட்டம் வழங்குவது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்.

இனிக் கணக்குக்கு வருவோம். வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். நான்காண்டுக்கு 8 லட்சம்; கடனென்றால் வட்டி வேறு. அகாடமியில் உணவு, உறைவிடம், சீருடை, நூல்கள், மருத்துவம் அனைத்தும் அரசின் செலவு. கைச்செலவு பெற்றோருடையது, அது சாதாரணமாக மாதம் 3,000 ரூபாய்க்கு மேற்படாது என்கிறது அறிவிப்பு. மூன்றாண்டுக்கு 1,08,000 ரூபாய். அடுத்த கழகத்தில் பயிற்சிபெறும்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதை ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 6,73,200 ரூபாய். ஆகவே நான்காம் ஆண்டின் முடிவில் ஒருத்தி 8 லட்சம் கடனோடு நிற்க, மற்றொருத்தி கையில் 5,65,200 ரூபாயோடு நிற்பாள். இருவருக்கும் இடையே 13,65,200 ரூபாய் வேற்றுமை! கூட்டலில் பிழையோ என்று மூன்று முறை போட்டுப் பார்த்தோம்.

அதிகாரியானதும் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், ராணுவப் பணிக்கென 15,500, அகவிலைப்படி தனி. இருபதாண்டு பணிபுரிந்தால் ஓய்வூதியமும் உண்டு.

இவ்வளவும் எழுதி எங்கள் கணித ஆசிரியையிடம் மகிழ்ச்சியோடு காட்டினோம். அவர்கள் படித்துவிட்டு, “வரவு எழுதினீர்கள், பற்று எங்கே?” என்றார்கள். மறுபடியும் உட்கார்ந்தோம்.

இந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு அடுத்த நாளே ஒரு கம்பெனிக்குப் போய்விட முடியாது. வெளியே படித்தவள் கூடுதல் சம்பளம் கிடைத்தால் வேலை மாறலாம். சீருடை அணிந்தவள் நினைத்தபோது விலக இயலாது. பயிற்சியின் நடுவே சொந்தக் காரணத்தால் விலகினாலோ, அதுவரை ஆன செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பயிற்சி முடியும்வரை திருமணமும் கூடாது. (இதைக் கேட்டதும் எங்களில் இருவர் கைதட்டினர்.) எங்களை மிகவும் வருத்தியது வேறொன்று. பயிற்சியில் காயமுற்று வெளியேற்றப்பட்ட மாணவர்களுக்கு, அதிகாரிகளுக்குரிய ஓய்வூதியம் இன்றி, கருணைத்தொகையே நெடுங்காலம் கிடைத்து வந்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. உடைந்த முதுகெலும்பை எங்கள் தாளில் எந்தப் பக்கத்தில், எத்தனை ரூபாய் என்று எழுதுவது?

எனவே இது இலவசப் பட்டமன்று. அதன் விலையைத் தந்தை பணமாகக் கட்டுவதில்லை. மகள் தன் இளமைக் காலத்தால் கட்டுகிறாள். படைப்பணியை விரும்புகிறவளுக்கு இதைவிட மலிவான பொறியியல் கல்வி இல்லையென்றே சொல்வோம். பட்டத்தை மட்டும் விரும்புகிறவளுக்கு அந்த 13 லட்சமும் போதாது.

தேர்வு எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். அதில் கணிதம் 300. நேர்முகத் தேர்வுக்கும் 900. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கு அதுவும் இல்லை. கடற்படை, விமானப்படைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஆதலால் அடுத்த வகுப்பில் எந்தப் பிரிவு என்பதை இப்போதே சிந்திப்பது நல்லது.

எங்கள் தோழி அந்தத் தாளை, பற்று எழுதிய பக்கத்தையும் சேர்த்தே, வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் அது திரும்பி வந்தது. அவள் தந்தை 8 லட்சத்தை அடித்துவிட்டு, வட்டியோடு 10 லட்சம் என்று பென்சிலால் திருத்தியிருந்தார். பிரிவு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் சொல்லவில்லையாம். தாளை மட்டும் மறுபடி கேட்டிருக்கிறார்.