முதல் ரைபிள்: பிள்ளையின் உடம்புதான் அளவுகோல்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீற்றர் எயார் ரைபிள் இறுதிப்போட்டி சமநிலையில் வந்து நின்றது. தென்கொரியாவின் பான் ஹியோ ஜின், சீனாவின் ஹுவாங் யூ திங் இருவருமே 251.8 புள்ளிகள் எடுத்திருந்தார்கள். வெற்றியைத் தீர்மானிக்க ஆளுக்கொரு சன்னம் சுடவைத்தார்கள். பானுக்கு 10.4, ஹுவாங்குக்கு 10.3. தங்கம் வென்ற பானுக்கு அப்போது வயது 16; ஹுவாங்குக்கு 17.

இலக்கு அட்டையில் அந்த 0.1 புள்ளியின் அகலம் கால் மில்லிமீற்றர். நடுவிலுள்ள பத்தாம் புள்ளியின் விட்டமே அரை மில்லிமீற்றர்தான். ரைபிளின் நுனி ஒரு மில்லிமீற்றர் அசைந்தால், பத்து மீற்றருக்கு அப்பால் சன்னம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் விலகிவிடும். நான்கு புள்ளிகள் போய்விடும். ஆகவே இந்த விளையாட்டில் வலிமையான துப்பாக்கிக்கு வேலையில்லை. அசையாமல் நிற்கும் உடம்புக்கே வேலை. பதின்ம வயதுப் பிள்ளைக்கு முதல் ரைபிளைத் தெரிவுசெய்யும்போது எல்லாக் கேள்விகளும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வளரும் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும்போது ஓர் அளவு பெரிதாக வாங்குவோம். ரைபிளில் அந்தச் சிக்கனம் உதவாது. போட்டி ரைபிளின் எடை 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. நாற்பது கிலோ எடையுள்ள 13 வயதுப் பிள்ளைக்கு அது உடல் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. முன்னால் இழுக்கும் அந்தப் பாரத்தைச் சமன்செய்ய இடுப்புக்கு மேலுள்ள உடல் பின்னுக்கும் பக்கவாட்டிலும் வளைகிறது. இன்னும் முற்றாத முதுகெலும்பை நாள்தோறும் அப்படி வளைக்கக் கூடாது. இளையோருக்கென்றே குறைந்த எடையில் ரைபிள்கள் செய்யப்படுகின்றன. தொடக்கத்தில் ரைபிளை ஒரு தாங்கியில் வைத்துச் சுடப் பழக்குவதும் உண்டு. ஜெர்மனியில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பொதுவாகக் காற்றுத் துப்பாக்கியைத் தொடுவதில்லை. சன்னமே இல்லாத ஒளிக்கதிர் ரைபிளில் பழகுகிறார்கள்.

எடைக்கு அடுத்தது நீளம். தோளில் ஊன்றும் சோங்கின் அடியிலிருந்து விசை வரையுள்ள தூரம் பிள்ளையின் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் கழுத்து முன்னே நீளும், தோள் இறுகும். கன்னம் பதியும் கட்டையின் உயரமும் மாற்றக்கூடியதாக இருந்தால், தலையை நேராக வைத்துக்கொண்டே குறிபார்க்கலாம். பிள்ளை வளர வளர இவற்றைத் திருகி மாற்றிக்கொள்ளலாம் என்பதால், மாற்றக்கூடிய சோங்குள்ள ரைபிள் நான்கைந்து ஆண்டுகளுக்குப் போதும். எந்தக் கண் மேலோங்கிய கண் என்பதையும் வாங்கும் முன்னரே பார்க்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கும் இடக்கண் மேலோங்கியிருக்கலாம்.

உள்ளேயிருக்கும் பொறியிலும் வேறுபாடு உண்டு. ஸ்பிரிங் வகையில் பிஸ்டன் பாயும்போது, சன்னம் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் குலுங்கிவிடும். சுட்டவரின் பிழை எது, பொறியின் குலுக்கம் எது என்று புதிதாகப் பழகும் பிள்ளையால் பிரித்தறிய முடியாது. அழுத்தக் காற்றுக் குழாய் பொருத்திய வகையில் குலுக்கம் மிகக் குறைவு; ஒவ்வொரு முறையும் பலமாக மடக்கி இழுக்கவும் வேண்டாம். அந்தக் குழாயில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 200 பார். நிலாவெளிக் கடலில் சுழியோடுவோர் முதுகில் சுமக்கும் சிலிண்டரிலும் ஏறத்தாழ அதே அழுத்தம்தான். அத்தகைய சிலிண்டரிலிருந்தே ரைபிளுக்குக் காற்று நிரப்புவது உலகெங்கும் வழக்கம். நிரப்புவது உலர்ந்த, சுத்தமான காற்றாக இருக்க வேண்டும். ஒருபோதும் தூய ஒட்சிசனை நிரப்பக் கூடாது. அந்த அழுத்தத்தில் சிறு எண்ணெய்ப் பசையே தீப்பற்றி வெடிக்கப் போதும்.

அரைக் கிராம் எடையுள்ள 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம் நொடிக்கு ஏறத்தாழ 170 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் ஆற்றல் ஏழெட்டு யூல்தான். ஆனாலும் ஒரு கண்ணைப் பறிக்க அது போதும். இது விளையாட்டுப் பொருள் அல்ல. சுடாத வேளையில் குழலுக்குள் நிறமுள்ள பாதுகாப்புக் கயிறு கிடக்க வேண்டும் என்று சர்வதேச விதி சொல்வது அதனால்தான். ஈயம் நஞ்சு. சன்னத்தை வாயில் வைக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு.

துறைமுக ஊருக்கென்று தனிக் கவலையும் உண்டு. திருகோணமலையின் உப்புக் காற்று உருக்கைத் தின்னும். வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் ஈரப்பதனும் சேர்ந்துகொள்ளும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுக்கும் உலோகத்தில் நீர் அரும்பும். வெளிப்புற உருக்கை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு பூட்டிவைக்க வேண்டும்.

இந்த ஊரில் இதைப் பற்றிக் கதைக்கும்போது ஒன்றை மறைத்துவிட்டுக் கதைக்க முடியாது. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் பிள்ளைகளின் கைக்குத் துவக்கு வந்த விதம் வேறு. அந்தப் பிள்ளைகளில் பலர் வீடு திரும்பவில்லை. 18 வயதுக்குக் குறைந்தோரைப் போரில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் விருப்புரிமை நெறிமுறையை ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. இலங்கை அதே ஆண்டில் அதை ஏற்றது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தாய் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மதித்து நடக்கும் வழியே பயிற்சியின் வழியாகவும் இருக்க வேண்டும்.

அதனால் முதல் ரைபிள் பிள்ளையுடையதாக இருக்க வேண்டாம், வீட்டிலும் இருக்க வேண்டாம் என்றே சொல்வேன். அது கழகத்துடையதாக இருக்கட்டும். பயிற்றுநரின் கண்முன் மட்டும் வெளியே வந்து, பயிற்சி முடிந்ததும் எண்ணிப் பூட்டப்படட்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. எதை வாங்கும் முன்பும், எதை இறக்குமதி செய்யும் முன்பும் கச்சேரியில் விசாரித்து, அனுமதியை எழுத்தில் பெற வேண்டும்.

இலங்கை இராணுவ வீராங்கனை தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டதும் இதே 10 மீற்றர் எயார் ரைபிளில்தான். இதற்குப் பரந்த மைதானம் தேவையில்லை. மூடிய மண்டபமும், சன்னத்தைத் தாங்கும் பின்தடுப்பும், ஒரு பூட்டு அலுமாரியும், தகுதி பெற்ற ஒரு பயிற்றுநரும் போதும். திருகோணமலைப் பிள்ளை ஒருவருக்கு இதில் ஆசை வந்தால், பெற்றோர் முதலில் விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டாம். அந்தப் பயிற்றுநரைப் போய்ப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், பிள்ளையின் தோளுக்கும் கைக்கும் ஏற்ற ரைபிளை அவரே அளந்து தருவார்.