கடல் கடந்த தாதியும் நோயாளியின் மொழியும்

மொன்றியல் நகர வைத்தியசாலை ஒன்றில் முதியவர் ஒருவர் தாதியை அழைத்து, "மால் ஓ கேர்" என்று முனகுகின்றார் என வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் அது இதயத்தில் நோவு. பிரெஞ்சு மொழியை அகராதியின் துணையோடு மட்டும் கற்ற தாதி, மாரடைப்போ என அஞ்சி வைத்தியரைத் தேடி ஓடக்கூடும். உண்மையில் அம்முதியவர் சொன்னது, தமக்குக் குமட்டுகின்றது என்பதே. பாத்திரம் ஒன்றை நீட்டி, முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தால் அந்தக் கணத்துக்குப் போதுமாயிருந்திருக்கும்.

கனடாவின் கியூபெக் மாகாணம் தன்னிடம் வரும் தாதியரிடம் பிரெஞ்சு மொழியறிவை வற்புறுத்துவதன் காரணம் இந்தச் சிறு காட்சியில் அடங்கியிருக்கின்றது. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி, தொழிலுக்குத் தேவையான பிரெஞ்சு அறிவு இல்லாத எவருக்கும் தொழிற்கழகங்கள் நிரந்தர அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது. பிரெஞ்சு மொழியில் இடைநிலைக் கல்வியோ உயர்கல்வியோ மூன்றாண்டுகள் பயிலாதவர்கள், மாகாண மொழி அலுவலகம் நடத்தும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மொன்றியலில் ஆங்கிலம் வழங்கும் வைத்தியசாலைகளும் உள்ளனவே என்று நம்மவர் கேட்பதுண்டு. உள்ளன. ஆயினும் அனுமதிப்பத்திரம் மாகாணம் முழுமைக்கும் ஒன்றே. ஆங்கிலம் பேசும் விடுதியில் வேலை செய்யப்போகின்றேன் என்பது விலக்காகாது.

மொழி ஒருபுறமிருக்க, தொழிற்தகைமையை நிறுவுவது தனிப் பயணம். இலங்கையில் மூன்றாண்டுப் பயிற்சி முடித்து, பதிவும் பெற்று, இரவும் பகலும் விடுதிகளில் உழைத்த ஒருவர் அங்கே சென்றவுடன் தாதியல்லர், விண்ணப்பதாரர். மாகாணத் தாதியர் தொழிற்கழகம் அவருடைய பாடநெறியையும் பணி அனுபவத்தையும் தன் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பெரும்பாலும் கல்லூரியிலோ வைத்தியசாலையிலோ இணைப்புப் பயிற்சி ஒன்றைப் பெறுமாறு பணிக்கும். அதன் பின்னரே தொழிற்பரீட்சை. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதப் பரீட்சைக்குத் தோற்றியவர்களுள் பாதிக்கும் குறைவானோரே சித்தியடைந்தனர். அவர்களுள் பலர் அம்மாகாணத்திலேயே பிறந்து பிரெஞ்சிலேயே கற்றவர்கள். அந்தப் பெறுபேறு அங்கே பெரும் சர்ச்சையாயிற்று. ஒருமுறை தவறியவர் தம் அறிவையே சந்தேகிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதனை இங்கே குறிப்பிடுகின்றோம்.

இந்த ஆண்டுகளில் வீட்டு வாடகை காத்திருப்பதில்லை. ஆகவே, முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் நோயாளர் பராமரிப்பு உதவியாளராகச் சேர்வது பலர் கொள்ளும் வழி. குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல், படுக்கையில் புரட்டிவிடுதல் ஆகியவையே அப்பணி. நேற்றுவரை ஊசி மருந்து ஏற்றிய கை இன்று அதனைத் தொடக்கூடாது. ஊரிலிருந்து தொலைபேசியில், "இன்னும் நேர்ஸ் வேலை கிடைக்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்கும் குரல் அன்பினால் எழுவதுதான், ஆயினும் மறுமுனையில் அது எப்படி விழுகின்றது என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் கியூபெக்கின் முதியோர் இல்லங்களில் மரணம் மலிந்தபோது, மாகாண அரசு அவசர அவசரமாகத் தேடியது இந்த உதவியாளர்களையே. சம்பளத்துடன் பயிற்சியளித்துப் பத்தாயிரம் பேரைச் சேர்க்கப்போவதாக அவ்வாண்டில் அறிவித்தது. அதனைத் தாழ்ந்த வேலை என்பார் அந்த மாதங்களை எண்ணிப் பார்க்கட்டும்.

அந்நகரில் தாதியர் பணியின் முதல் வரலாறும் புதிதாய் வந்திறங்கிய ஒரு பெண்ணினுடையதே. பிரான்சில் 1606இல் பிறந்த ஜான் மான்ஸ், 1641இல் கடல் கடந்து, மறு ஆண்டு மொன்றியல் குடியேற்றத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். துறவி அல்லர், பொதுநிலையினர். 1645இல் அவர் எழுப்பிய வைத்தியசாலைக்கு ஓத்தல்-டியூ, அதாவது இறைவனின் இல்லம், என்று பெயர். 1659இல் புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் பிரான்சிலிருந்து வந்து அவருக்குத் துணைநின்றனர். 2014இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவர் பராமரித்தவர்களுள் அந்நிலத்தின் பூர்வீகக் குடிகளும் இருந்தனர். அவர்களுடைய மொழியில் அவரை எவரும் பரீட்சித்ததில்லையே என்று நம்மவர் யாரேனும் குறும்பாகச் சொன்னால், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

பிரெஞ்சைப் புறப்படுமுன்னரே தொடங்குவது நலம். கொழும்பில் கற்பது பிரான்சின் பிரெஞ்சு. மொன்றியல் முதியவர்களின் நாவில் அது வேறு ஓசை கொள்ளும். ஆயினும் அடித்தளம் அடித்தளமே. மாகாணத்தில் 2023 முதல் ஒரே அரச நிறுவனத்தின் வழியாகக் கட்டணமின்றிக் கற்கலாம். எனினும் 2024இல் நிதிப் பற்றாக்குறையால் வகுப்புகள் பல மூடப்பட்டதையும் மறத்தலாகாது. ஒரு வசதி நமக்கு உண்டு: 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு பிரெஞ்சிலும் இருக்கின்றது. ஆங்கிலேயருக்குத் தடுமாற்றமான அது நம் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும்.

எண்கள்தாம் கடினம். எழுபதுக்கு அறுபதும் பத்தும். தொண்ணூறுக்கு நான்கு இருபதும் பத்தும். தொண்ணூற்றேழு எனில் நான்கு இருபதும் பதினேழும். குருதி அமுக்கத்தையும் மருந்தின் அளவையும் தொலைபேசியில் கேட்டு எழுதும் தாதிக்கு இது விளையாட்டன்று. அங்கு குடியேறும் பிள்ளைகள் அதே சாசனத்தின்படி பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைகளுக்கே செல்கின்றனர். தாயை முந்திக்கொண்டு பேசவும் தொடங்கிவிடுகின்றனர். இரவுணவுக்குப் பின், மேசையைத் துடைத்துவிட்டு, பிள்ளை எண்களை விரைவாகச் சொல்லத் தாய் கொப்பியில் எழுதிப் பார்க்கலாம். பிழையானவற்றின் கீழ்ப் பிள்ளை சிவப்புப் பேனையால் கோடிடட்டும்.